கீழே விட்டு வந்த கை

முதலில் நினைவுக்கு வருவது ஒரு டீப் பொட்டலம். அடையாறில் எங்கள் மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில் வாங்கியது. பிளாஸ்டிக் உறையில் ஊற்றி, வாயில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்களே, அது. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அந்தப் பொட்டலத்தைக் கைக்குட்டையில் சுற்றி, மடியிலிருந்த நான்கு வயதுப் பெண்ணின் புறங்கையில் ஒற்றிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதோ என்று கேட்டேன். "இல்ல மேடம், கை சூடாச்சின்னா நரம்பு மேல வருது. நானா கண்டுபுடிச்சது" என்றார். நான் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய விஷயத்தை, மகளின் கையில் விழுந்த குத்துகளை எண்ணி எண்ணி அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார். ரத்தம் எடுத்து முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து, ஆறிப்போன அந்த டீயை இருவரும் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே ரத்தக் குறைபாடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால்தான் மற்றக் குழந்தைகளைப் போல ஓடியாடி இருக்க முடியும். எங்களுடையது ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்க ஒரு சிறு குழாய் அளவு ரத்தம் எடுக்க வேண்டும். அதை எடுப்பதுதான் என் வேலை. அத்தனை முறை ஊசி பார்த்த கையில் நரம்பு எளிதில் அகப்படாது. கண்ணால் தேடிப் பயனில்லை. விரல் நுனியை மெதுவாக வைத்து, தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று அமுங்கி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று எனக்கு முதல் முறையிலேயே கிடைத்துவிட்டது. குழந்தை அழத் தயாராக இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தது. அதிலிருந்து நான் அவளுக்கு "ஊசி ஆன்ட்டி". அவள் அம்மா நான் வரும்வரை வேறு யாரிடமும் கையைக் கொடுக்க விடமாட்டார்.

அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரக் குடியிருப்பில் வீடு. கணவர் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினார். அந்த அம்மா ஒரு பைண்டிங் கடையில் தாள் மடித்து, தைத்து, பசை ஒட்டிக்கொண்டிருந்தார். விரல்களில் எப்போதும் காய்ந்த பசையின் வெள்ளை இருக்கும். குழந்தைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் மணிக்கணக்கான நேரத்தில், கட்டிலருகே உட்கார்ந்து கடையிலிருந்து கொண்டுவந்த தாள்களை மடித்துக்கொண்டே இருப்பார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் என் வேலையை நான் மதிக்கவில்லை. காலை ஆறரைக்கு மந்தைவெளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, மதியம் வரை கை கையாக ரத்தம் எடுத்துக் குழாய்களில் பெயர் ஒட்டுவேன். கூடப் படித்தவர்கள் பெரிய ஆய்வகங்களில் மேலாளர்களாக இருந்தார்கள். வீட்டில் அம்மா, "நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது? இன்னும் ஊசி குத்திண்டுதான் இருக்காள்னா?" என்பாள். எனக்கும் அதே கேள்விதான். வேலையோடு வேலையாக மேல்படிப்பு படித்து முடித்தேன். குழந்தைக்கு ஏழு வயதாகும்போது, ஆய்வகத்தின் பொறுப்பாளராக எனக்குப் பதவி உயர்வு வந்தது. மூன்றாவது மாடியில் கண்ணாடி அறை, கதவில் என் பெயர்ப் பலகை. அம்மா கபாலீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, தெருவில் எல்லா ஆத்துக்கும் ரவாலாடு கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த மேஜையை நான் விரும்பவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். முதல் சில மாதங்கள் மிகவும் பிடித்திருந்தது. யார் எப்போது வர வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். கூட்டங்களில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது, இன்று என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அதை நான் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன். கண் டாக்டரைப் பார்த்துக் கண்ணாடிகூட மாற்றினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒருநாள் காலை என் அறை வாசலில் காவலாளியோடு வாக்குவாதம் கேட்டது. அந்த அம்மாதான். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. "பாப்பாவ அஞ்சு எடத்துல குத்திட்டாங்க மேடம். அந்தப் பொண்ணுங்கள நீங்க திட்டக் கூடாது, அதுங்களே அழுதுக்கினு நிக்குதுங்க" என்றார். பிறகு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க மேல வந்துட்டீங்க, சந்தோசமா கீது. உங்க கைய மட்டும் கீழயே வுட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கீழே போனேன். குழந்தை என்னைப் பார்த்ததும் நிம்மதியாகக் கையை நீட்டினாள். விரலை வைத்தேன். நரம்பு இருக்கிறது என்று தோன்றிய இடத்தில் ஊசியைச் செலுத்தினேன். ஒன்றும் வரவில்லை. ஏழு மாதம் ஊசியைத் தொடாத கை ஏமாற்றிவிட்டது. சுற்றி நான்கு இளம் பெண்கள், எனக்குக் கீழே வேலை செய்பவர்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழவில்லை. அம்மாவிடம் திரும்பி, ரகசியம் சொல்வதுபோல, "ஊசி ஆன்ட்டிக்கு மறந்து போச்சு" என்றாள். "பரவால்ல மேடம், இன்னொரு தபா பாருங்க" என்றார் அம்மா. பாதத்தில் பார்த்தேன், கிடைத்தது. மாடிக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதவி வேண்டாம், பழைய வேலைக்கே அனுப்புங்கள் என்று அன்றே ஒரு கடிதம் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

கடிதத்தைக் கொடுக்கும் முன், அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம் பேசுறீங்க? நான் இன்னா கேட்டேன், நீங்க இன்னா பண்றீங்க? எம் பொண்ணால நீங்க எறங்கினீங்கன்னு இருக்கணுமா எனக்கு? நாளைக்கி உங்களுக்கே ஜுரம் வந்து படுத்துட்டா, அப்ப அவ கைய யாராண்ட நீட்டுவா?"

மடித்துக்கொண்டிருந்த தாள்களைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். அன்றுதான் தன் வேலையைப் பற்றி முதன்முறையாக விரிவாகச் சொன்னார். கடையில் கட்டிங் மெஷின் என்று ஒன்று உண்டாம். நூற்றுக்கணக்கான தாள்களை ஒரே வீச்சில் வெட்டுவது. அதில் ஆண்கள்தான் நிற்பார்கள். இவர் மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகியதில், ஒருவழியாக முதலாளி சம்மதித்திருக்கிறார். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை லீவு போடுகிறவரை மெஷினில் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, மெஷினயும் வுடல, ஆசுபத்திரியயும் வுடல. லீவு போடுற நாளுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம வந்து நிக்கிறேன்னு சொன்னேன். ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தாரு. அப்பால சரின்னுட்டாரு." பிறகு, "எனக்கும் ஆச இருக்குதில்ல மேடம்" என்றார்.

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை என்னை வெட்கப்பட வைத்தது. நான்கு வருடமாக அவரை ஒரு நோயாளியின் அம்மாவாக மட்டுமே பார்த்திருந்தேன். அந்தப் பசை அப்பிய விரல்களுக்கு ஒரு மெஷின்மேல் ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேலையில் ஏங்குவதும், தவிப்பதும், மேலே போக நினைப்பதும் படித்தவர்களின் நோய் என்று நினைத்திருந்தேன் போலும்.

இழுப்பறையிலிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். பொறுப்பாளராகவே இருக்கிறேன், ஆனால் வாரத்தில் இரண்டு காலைகள் கீழே ரத்தம் எடுக்கும் அறையில் நிற்க வேண்டும், புதிதாகச் சேரும் பெண்களுக்குக் குழந்தைகளிடம் ரத்தம் எடுக்க நானே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று. தலைமை டாக்டர் படித்துவிட்டு, "இன்-சார்ஜே கீழ போய் நின்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். நான் தவறவிட்ட அந்த ஊசியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். மேஜை வேலை பின்தங்கினால் பழையபடிதான் என்றும் சொன்னார். அந்த மூன்று மாதமும் மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் இழுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டது அப்போதுதான்.

பொம்மைக் கையில் பழகுவது எளிது. பெரியவர்கள் கையிலும் பழகிவிடலாம். ஆனால் என்றைக்காவது ஒரு புதுப்பெண் இந்தக் குழந்தையின் கையில் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவே கண்டுகொண்டார். "கத்துக்கணும்னா ஒரு கை வோணும் இல்ல? ஆனா நான் சொன்னா ஆச்சா? அவளாண்ட கேளுங்க" என்றார்.

குழந்தையிடம் கேட்டேன். அப்போது எட்டு வயது. இரண்டு சடையையும் முன்னால் போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு தபா தான். அதுக்கு மேல குத்தக் கூடாது. வேற ஆளக் கூப்புடணும்" என்றாள். எதிரே நின்ற புதுப்பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் முறை கிடைக்கவில்லை. "இன்னும் ஒண்ணு கீது, பயப்படாதக்கா" என்று குழந்தைதான் தைரியம் சொன்னாள். நான் புதுப்பெண்ணின் விரலைப் பிடித்து வழிகாட்டவில்லை, பக்கத்தில் மட்டும் நின்றேன். இரண்டாவதில் குழாய்க்குள் சிவப்பு இறங்கியது. அந்தப் பெண் ரத்தம் பிடித்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுததும், குழந்தை அதை வேடிக்கை பார்த்ததும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கின்றன. எட்டு வயதுப் பெண் போட்ட அந்த விதியை எங்கள் துறையின் விதியாகவே எழுதி வைத்தேன். தலைமை டாக்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். இன்று எங்கள் அறக்கட்டளையின் எல்லாக் கிளைகளிலும் ரத்தம் எடுக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. பெரிய பதவிதான். நேர்முகத் தேர்வில் என் சாதனை என்ன என்று கேட்டபோது நான் சொன்னது அந்த ஒரு விதியைத்தான்.

அந்தக் குழந்தை பத்தாவது படிக்கும்போது கூவம் கரை வீடுகளை இடித்தார்கள். ஊருக்கு வெளியே வெகுதூரம் தள்ளி, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைக் கடைக்கு அங்கிருந்து வந்து போக முடியவில்லை. அத்தனை வருடம் பழகிய மெஷின் வேலை போய்விட்டது. மகளுக்கு ரத்தம் ஏற்றுவதையும் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக எங்களிடம் வந்த நாளில் அந்த அம்மா தாள் மடிக்கவில்லை. சும்மா இருந்த கைகளோடு அவரை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நானும் பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. குடியிருப்பிலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக பைண்டிங் வேலை தொடங்கி ஒரு வருடமாகிறதாம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடமாம். "சும்மா வந்து பாத்துட்டுப் போங்க மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன். தரைத்தளத்தில் ஓர் அறை, சுவரோரம் பள்ளி நோட்டுகளின் அடுக்கு, நடுவே ஒரு பழைய கட்டிங் மெஷின். கல்லூரிப் பெண் டீ கொண்டுவந்து கொடுத்து, புது ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குத் தானே நரம்பைக் காட்டிக் கொடுப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா ஒரு கட்டுத் தாளைத் தூக்கி மெஷினில் வைத்தார். பக்கவாட்டில் தட்டிச் சமன் செய்தார், ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். நான் ஆர்வத்தில் கிட்டே போனேன்.

"தள்ளி நில்லுங்க மேடம், கத்தி எறங்கும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

தள்ளி நின்றேன். கைப்பிடியை இழுத்தார். கட்டு முழுவதும் ஒரே சீராக வெட்டுப்பட்டு, ஓரத் துண்டுகள் சுருண்டு தரையில் விழுந்தன. அடுத்த கட்டை எடுத்து வைத்தார். நான் வந்திருப்பதையே அவர் மறந்துவிட்டார். அந்தக் கவனத்தைக் கலைக்க மனமில்லாமல், கையிலிருந்த டீயோடு சுவரோரமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.