உறங்குகிறாள் என்று சொன்னேன்

பகல் பதினொரு மணி. ஜன்னல் கண்ணாடி முழுக்க அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டியிருந்ததால் அறை இருட்டாக இருந்தது. எதிர்க்கட்டிலில் போர்வைக்கு வெளியே ஒரு முகம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் நீலம், வெள்ளை, மறுபடி நீலம் என்று போன் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை எதையாவது பார்த்துக்கொண்டிருந்தன என்று என்னால் சொல்ல முடியாது.

அப்போது நான் ஒரு நாளிதழின் ஸ்ரீபெரும்புதூர் பகுதிச் செய்தியாளர். ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். என் அறையில் இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயது பத்தொன்பது. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கும் திட்டத்தில் வந்திருந்தாள். எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் வேலை, அது முடிந்ததும் இரண்டு மணி நேரம் வகுப்பு. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் மாமா மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். தேர்வைச் சொல்லித்தான் அவள் அம்மா அந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்.

தொழிற்சாலை வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். அந்த எட்டு மணி நேரத்தை அவள் எதையோ பறிகொடுத்த மாதிரிதான் பேசுவாள். "அதுக்குள்ள என்னென்ன நடந்திருக்குமோ, பாக்க வேண்டாமாக்கா?" நைட் ஷிப்ட் வாரங்களில் காலை ஒன்பதரைக்கு அறைக்கு வந்து படுப்பாள். போன் கையை விட்டு இறங்கும்போது மாலை மணி நாலாகியிருக்கும். இரவு ஏழரைக்கு அடுத்த ஷிப்டுக்கு எழுந்தாக வேண்டும். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். தலைவலி என்பாள். ஒரே பாடத்தின் முதல் பக்கத்தை நான்கு நாள் படித்தாள். நான்காம் நாளும் அது அவளுக்குப் புதிதாகவே இருந்தது.

விடுதி வார்டன் அந்த ஊர்க்காரர். ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, பகல்லயே சினிமா கொட்டா நடத்திக்கினு கீற?"

"டிக்கெட் எடுத்துட்டு உள்ள வாங்கக்கா" என்றாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வார்டனும் சிரித்துவிட்டார். நானும்தான்.

அந்த விடுதியில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் பதில் மூன்றுதான்: நல்லா இருக்கா, சாப்பிட்டா, தூங்குறா. தூரத்தில் இருக்கிறவர்களைக் கலங்கடிக்கக் கூடாது என்பது அதன் நியாயம். மாற்றிச் சொன்னவளோடு அந்த மாடியில் அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அம்மா என்னை அழைத்தார். பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, புள்ள ஒறங்குதாளா? குரலே சரியில்ல. நெசத்தச் சொல்லுங்க. ஒறங்கலன்னா லீவு போட்டுட்டு வந்து பரீட்சை முடியந்தட்டியும் பக்கத்துலயே கெடக்கேன்."

எதிர்க்கட்டிலில் அந்த முகம் வெளிச்சத்தோடு என் பக்கம் திரும்பியது. உதட்டில் விரலை வைத்தாள்.

"தூங்குறாம்மா" என்றேன்.

தேர்வுக்கு முந்தின நாள் அவர் மறுபடி அழைத்தார். மறுபடியும் அதையே சொன்னேன்.

மறுநாள் நைட் ஷிப்ட் முடிந்து நேராகத் தேர்வுக்குப் போனாள். மதியம் திரும்பி வந்தபோது அவள் இடது கன்னத்தில் ஸ்கேலின் விளிம்பு பதிந்திருந்தது. மில்லிமீட்டர் கோடுகளைக்கூட எண்ணலாம். "ஒரு நிமிஷம்னு தலையச் சாச்சேன்க்கா. பேப்பர் வாங்க வந்தப்பதான் எழுப்புனாவ" என்று சிரித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தத் தடம் மறைய வெகுநேரம் ஆனது. அதுவரை அவள் போனைத் தொடவில்லை. அந்த அறையில் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

முடிவு வந்த வாரமே மாமா வந்து அழைத்துப் போனார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், இரண்டு பைகளுக்கு நடுவே, தலையைப் போனில் கவிழ்த்தபடி போனாள். கையசைத்தேன். அவள் நிமிரவில்லை.

இப்போது நான் சென்னை அலுவலகத்தில் இருக்கிறேன். தெரிந்த விவரத்தையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. போன மாதம் அவள் அம்மா அழைத்தார். கல்யாணமாகி அவள் திருப்பூரில் இருக்கிறாளாம். "எந்நேரமும் அந்தப் போனுதான். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் அதுலதான் சண்டை" என்றார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"ஒறங்குதாள்னு நீங்க சொன்னதாலதான் நான் வரல, பாத்துக்கிடுங்க."

அவரே பேச்சை மாற்றினார். "இருக்கட்டும். நீங்களாவது நல்லா ஒறங்குதியளாம்மா?"

"தூங்குறேம்மா" என்றேன்.