மிசினுக்கு வராத மூன்று பாட்டு

பேராதனை வீதியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தாயிற்று. சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஆடுவோம் என்று இளவட்டங்கள் இறங்கிவிட்டார்கள். நான் மேடையின் முன்னால் பேஸ் கிட்டாரோடு நிற்கிறேன். ஆடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் கால் என் கேபிளில் மாட்டியது. அவர் இழுத்த இழுப்பில் கிட்டாரிலிருந்து பிளக் கழன்று கீழே விழுந்தது. என் கை நின்றுவிட்டது. பேஸ் நிற்கவில்லை. டும், டும், டும் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிளக் கழன்றால் ஸ்பீக்கரில் டமார் என்று ஒரு சத்தம் வர வேண்டும். பேஸ் வாசிக்கிற எவருக்கும் அது தெரியும். வரவில்லை. மிக்ஸரில் என் லைன் திறந்திருந்தால்தானே வரும்! மெல்லத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் இடது கையால் கீபோர்டில் ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கீபோர்டு தானாகவே தாளம் போடும் என்பது எனக்குத் தெரியும். பேஸையும் அதுதான் போடுகிறது, இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் குழுவில் நான்கே பேர். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைவர், கீபோர்டும் மிக்ஸரும் அவர் கையில். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வருகிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஒக்டபேட் அடிப்பார், அதாவது குச்சியால் தட்டுகிற மின்சார டிரம். ஒரு பாடகர். அப்புறம் நான். கிழமை நாட்களில் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாணம். கலஹா பஸ்ஸில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கொண்டக்டர் அதையும் ஒரு ஆளாகக் கணக்கெடுப்பான். அண்ணன் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார் அது. நானாகவே தட்டித் தட்டிப் பழகினேன். ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன், ஆனால் பெரிய வாசிப்பு என்று சொல்ல முடியாது. அந்த நடுவில் நிற்கிற ஆளைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள். ஒன்றும் தெரியாதவள் கேள்வி கேட்பாள், எல்லாம் தெரிந்தவள் கண்டுபிடித்துவிடுவாள்.

கல்யாணம் முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது கேட்டேன்.

"மாஸ்டர், என் லைன் மூடியா இருக்கு?"

"இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்று சிரித்தார். சிரித்தார்!

"எதுக்கு மூடுனீங்க?"

"கோவிக்காதீங்க தங்கச்சி. மிசின் பேஸும் உங்க பேஸும் சேந்தா கொளகொளன்னு கேக்குது. ஒண்ணத்தான் வைக்கலாம். மிசின் தப்பு விடாது பாருங்க."

"அப்ப நான் எதுக்கு?"

"என்னாங்க இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே நம்ம பேண்டுக்கே அழகு. பொம்பளப் பிள்ளை கிட்டாரோட நிக்கிற போட்டோவப் பாத்துத்தான் பாதிப் பேரு நம்மளப் புக் பண்றாங்க."

எனக்கு உச்சந்தலையில் கொதித்தது. மேடை ஓரத்தில் வைக்கிற பூச்சாடி மாதிரி என்னை வைத்திருக்கிறார்கள். பூச்சாடிக்காவது தண்ணீர் ஊற்றினால் போதும். நான் கால் கடுக்க நின்று, விரல் தேயத் தேய வாசித்து, வீட்டுக்குப் போய் அதே பாட்டை மறுபடியும் போட்டுப் பழகியிருக்கிறேன். போன மாதம்கூட "தங்கச்சி, உங்க டைமிங் இப்ப நல்லா இறுகிருச்சு" என்று இதே மனிதர் என்னைப் பாராட்டினார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு தேங்க்ஸ் சொன்னேன். அட கொடுமையே, அவர் பாராட்டியது அவருடைய மிசினை!

நானா குனிந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் தங்கச்சி. சொன்னா மனசு நொந்து போவீங்கண்டு பேசாம ஈந்தேன்."

எல்லோருக்கும் என் மனசின் மேல் அவ்வளவு அக்கறை! நான் அன்று போட்ட சத்தத்தில் மண்டபத்துக் காவல்காரர் கேட்டை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். மாஸ்டருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. வாயை அடைப்பதற்காக ஒரு வார்த்தை விட்டார்.

"சரி. மூணு புதுப் பாட்டு எடுங்க. மிசின் அடிக்கிறத விட நல்லா வாசிச்சுக் காட்டுங்க. லைனத் தொறக்கிறேன்."

முடியாது என்ற நினைப்பில் சொன்னது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. நான் "சரி" என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் பாட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருக்கிறதிலேயே வேகமான மூன்று பாட்டுகளைப் பிடித்தேன். கட்டைவிரலால் தந்தியை அறைந்து, சுட்டுவிரலால் சுண்டி இழுத்து வாசிக்கிற ரகம். போனில் ஒருவன் வாசிப்பதைப் பார்த்து, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் பார்த்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கிள்ளக்கூட முடியவில்லை. அம்மா ஒரு நாள் வந்து வாசலில் நின்றார்.

"ஏண்டி, இத்தனை நாளா டும்மு டும்முன்னாவது கேட்டுச்சு. இப்ப தகரத்த ஒடைக்கிற மாதிரில்ல கேக்குது. பாட்டு எங்கடி இதுல?"

எரிந்து விழுந்தேன். ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி. அடுத்த ஞாயிறு மாஸ்டர் வீட்டுக் கராஜில் ஒத்திகை. அவர் வேண்டுமென்றே மிசினின் வேகத்தைக் கூட்டி விட்டார். நான் மூச்சுப் பிடித்து ஓடினேன். பாதிப் பாட்டில் விரல் பின்னிக்கொண்டது. மிசின் கொட்டாவி கூட விடாமல் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் டீ குடித்தார். அந்த டீ உறிஞ்சுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, சனியன்.

மாஸ்டரும் மற்றவர்களும் கடைக்குப் போயிருந்த நேரம் நான் அந்தக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கேட்டேன். அதுவரைக்கும் அதைக் கவனித்துக் கேட்டதே இல்லை. கேட்கக் கேட்கப் புரிந்தது. வேகத்தில் அதை ஜெயிக்க முடியாது. ஆனால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. யாருக்காகவும் நின்று காத்திருக்கத் தெரியவில்லை. எல்லாத் தாளத்திலும் முதல் தட்டில் டும் என்று விழுகிறது, துள்ளி ஆட வைக்கிற பைலாவில்கூட. நான் இத்தனை நாளும் அதைப் போலவே வாசிக்கத்தான் பழகியிருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த வேகப் பாட்டு மூன்றையும் தூக்கிப் போட்டேன். புதிதாக எடுத்ததில் ஒன்று, நடுவில் பேஸ் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு ஒரே ஒரு சுரத்தோடு திரும்பி வருகிற துள்ளல் பாட்டு. வாசிப்பதற்கு எதுவுமே இல்லாதது போலத் தெரியும். அந்த இடைவெளியில் உள்ளங்கையால் தந்திகளை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் எனக்கு உயிர் போனது. இன்னொன்று, எங்கள் பாடகர் வரிக்கு வரி இழுத்துப் பாடுகிற பழைய சோகப் பாட்டு. அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் நானும் நிற்க வேண்டும், அவர் இறங்குகிற இடத்தில் நானும் இறங்க வேண்டும். மெதுவான பாட்டுத்தானே, லேசு என்று நினைத்தேன். வேகப் பாட்டில் ஒரு பிழை விட்டால் அடுத்த நொடியில் மறைந்துவிடும். இதில் விட்ட பிழை அடுத்த தட்டு வரும்வரை மண்டபத்தின் நடுவில் நிற்கும். கடைசியாக ஒரு பைலா, தட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பேஸ் பாய்ந்து விழுகிற மாதிரி. அதை மட்டும் நானாவோடு உட்கார்ந்து பழகினேன். அவர் மேல் கோபம் தீரவில்லை, ஆனாலும் அவர் கால் தட்டுகிற தாளம் இல்லாமல் அது வராது.

மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. கடை விட்டு வந்து, முகம் கழுவி, உட்கார்ந்தால் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அதே மூன்று பாட்டு. ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்து அந்தச் சோகப் பாட்டை வாய்க்குள் முனகுவது கேட்டது. நான் பேஸ் மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் கராஜில், பாடகரும் நானாவும் சேர, மூன்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு. அப்புறம், "சத்தம் எவ்வளவு வைக்கணும்னு பாக்கணும். நீங்க மட்டும் தனியா மூணையும் அதே மாதிரி ஒருக்கா வாசிங்க" என்றார். வாசித்தேன். துள்ளல் பாட்டின் முடிவில் ஒரு இடத்தில் விரல் சரியாக அழுந்தாமல் தந்தி கர்ரென்றது. "பரவால்ல, போங்க போங்க" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன், மடச்சி.

அந்த வாரம் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. சொன்ன சொல்லைக் காப்பாற்றி என் லைனைத் திறந்தார். முதல் சுரம் ஸ்பீக்கரில் வந்தபோது அது என் வயிற்றுக்குள் இருந்து வந்தது போல இருந்தது. பைலாவுக்குக் கொழுந்து பறிக்கிற அக்காமார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினார்கள். நான் முந்திப் பாய்கிற இடத்தில் அவர்கள் காலும் முந்திப் பாய்ந்தது. நானா என்னைப் பார்த்து, "மிச்சம் நல்லா ஈக்கிது!" என்று கத்தினார். நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்தது கண்டியில், வாவிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கல்யாணம். துள்ளல் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முடிவுப் பகுதி வந்தது. என் விரல் அந்த இடத்தில் சுத்தமாக, அழுத்தமாக விழுந்தது. ஸ்பீக்கரில் தந்தி கர்ரென்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைப் பார்த்தேன், தந்தியைப் பார்த்தேன். கையைத் தூக்கிவிட்டேன். பேஸ் போய்க்கொண்டிருந்தது. அது மிசினின் மரப்பேஸ் இல்லை, நான் வாசிக்கிற பேஸ். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் திரும்புகிற இடத்தில் திரும்பி. கராஜில் நான் விட்ட பிழையோடு சேர்த்து அப்படியே! கீபோர்டின் பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் குத்தியிருந்தது. அன்றைக்குத் தனியாக வாசிக்கச் சொன்னது இதில் பதிந்து வைக்கத்தான்.

அந்தப் பாட்டு முடிந்ததும் கிட்டத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "மாஸ்டர், என்னா வேலை இது?"

"இப்ப என்னா குறை? உங்க வாசிப்புத்தானே கேக்குது?" என்றார். "லைன் தொறந்தா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வரும். இது எந்நாளும் ஒரே மாதிரி வரும். நீங்க சிரிச்சிக்கிட்டு நில்லுங்க, அது போதும்."

அடுத்தது சோகப் பாட்டு. பாடகருக்கு அன்றைக்குச் சளி, மூச்சு அடிக்கடி வாங்கியது. அவர் நிற்க விரும்பிய இடத்தில் பேஸ் நிற்கவில்லை. கராஜில் அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேதான் நின்றது. பாவம், அந்த மனிதர் என்றைக்கோ விட்ட மூச்சைத் துரத்திக்கொண்டு பாடினார். திரும்பித் திரும்பி என்னை முறைத்தார், நான்தான் அவரை இழுத்தடிக்கிறேன் என்று நினைத்து. என் கை என் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது, நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

நான் நேராகப் போய் அந்தப் பென் டிரைவைப் பிடுங்கினேன்.

பேஸ் போயிற்று. கீழே காலியாகிவிட்ட பாட்டு எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் என்ன ஏது என்று தெரியாமல் நின்றார்கள். பாடகர் மட்டும் விடாமல் பாடினார், நானா தட்டுவதை நிறுத்தவில்லை.

"தொறங்க" என்றேன்.

"என்னா பைத்தியமா உங்களுக்கு? குடுங்க அத!"

"லைனத் தொறங்க மாஸ்டர். எல்லாரும் பாக்குறாங்க."

திறந்தார். வேறு வழியில்லை. நான் பாடகரின் மூச்சைப் பார்த்துக்கொண்டு மீதிப் பாட்டை வாசித்தேன். கடைசி வரியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிய மட்டும் இழுத்தார், நான் அவர் இறங்கும்வரை காத்திருந்து இறங்கினேன். அதற்கப்புறம் பைலாவையும் வாசித்தேன். பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன்.

மறுநாள் கடையில் இருக்கும்போது மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இனி நீங்க வர வேணாம். வேற பிள்ளை ஒண்ணு பாத்திருக்கேன். வாசிக்கத் தெரியாது, ஆனா சொன்னபடி நிக்கும்."

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாத்திரைகளை எண்ணினேன்.

"அந்தப் பென் டிரைவ மட்டும் நானாகிட்டக் குடுத்து விடுங்க. வர்ற சனிக்கிழமை கல்யாணம் இருக்கு."

நான் வேண்டாம், என் வாசிப்பு வேண்டும். என்ன திமிர்! கவுண்டரில் மருந்துச் சீட்டோடு நின்ற ஐயா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னுக்குப் போனார்.

"குடுக்கிறேன் மாஸ்டர்" என்றேன். "நீங்களே வீட்டுக்கு வாங்க. வரும்போது ஒரு பேஸ் கிட்டார் கொண்டு வாங்க. அந்த மூணு பாட்டையும் என் முன்னால உக்காந்து, உங்க கையால வாசிச்சுக் காட்டுங்க. காட்டுன ஒடனே தாறேன்."

போனை வைத்துவிட்டார். வீடு அவருக்குத் தெரியும், எத்தனையோ தரம் வேனில் வந்து இறக்கிவிட்டிருக்கிறார். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.