வாடகை வீட்டுச் சுவரில் ஒரு நீலக் கோடு

அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. கடைத்தெருவில் எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நானும் திருப்பிக்கொள்வேன். எங்களுக்குள் இப்படி ஆனதற்குக் காரணம் நான் நடத்திய ஒரு பாடம்.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். பெருவெள்ளம் வந்து போனபின் தொடங்கிய கல்வியாண்டு அது. பத்தாம் வகுப்புக்குக் காலநிலைப் பாடம். வடகிழக்குப் பருவமழைக்குப் புத்தகத்தில் சில வரிகள்தான். அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மில்லர்புரத்தில் என் வீட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் தண்ணீர் நின்றிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மொட்டை மாடியில் கிடந்து பிழைத்தவர்கள்.

"மழை கொறைச்சலான ஊருன்னுதான இங்கன உப்பளம் போட்டாவ? பிறகு எப்படி டீச்சர் இம்புட்டு மழை?" என்று ஒருத்தி கேட்டாள்.

கடல் சூடாக ஆக, காற்று அதிக ஈரத்தைச் சுமந்து வருகிறது, பருவம் முழுக்கப் பிரிந்து பெய்ய வேண்டியதைச் சில சமயம் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது என்று விளக்கினேன். முன்வரிசையில் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள் இருந்தாள். கெட்டிக்காரி. அவள் விடவில்லை.

"பெஞ்சதுக்குக் கடல் காரணம், சரி. வடியாம நின்னதுக்கு?"

"அதுக்கு நாமதான் காரணம். ஓடை இருந்த இடத்துல வீட்டைக் கட்டிட்டா தண்ணி எந்த வழியா போகும்?"

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருவில் விசாரித்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் வெளிச்சுவரில் நீலப் பெயிண்டால் கோடு போட வேண்டும். தலைமையாசிரியையும் நல்ல யோசனை என்றார். பெரும்பாலான கோடுகள் முழங்காலிலும் இடுப்பிலும் நின்றன. கடைக்காரர் மகள் போட்டது அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு புதுக் குடியிருப்பில், அவள் அப்பா வாடகைக்கு விடுவதற்காக வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளின் சுவர் அது. கேட்டுவிட்டுத்தானே போட்டாய் என்றேன். "எங்க வீடுதான டீச்சர்" என்றாள்.

மறுவாரம் வகுப்பு நடக்கும்போதே அவள் அப்பா வந்து நின்றார்.

"பாடம் நடத்தத்தான ஒங்களுக்குச் சம்பளம்? என் செவத்துல கிறுக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"அண்ணாச்சி, தண்ணி அவ்வளவு நின்னது உண்மைதானே?"

"தண்ணி வடிஞ்சிட்டு. நீங்க போட்ட கோடு வடியுமா? ஒரு வீடு காலியாக் கெடக்கு. பாக்க வாரவன்லாம் கோட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போறான்."

"தெரிஞ்சுகிட்டுப் போறான். நல்லதுதானே?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் என் மேசையை ஓங்கி அறைந்தார். மகள் தலையைத் தூக்கவே இல்லை.

சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை, அவர் முன்னாலேயே என்னிடம், "சாயங்காலம் போய் அதை அழிச்சிட்டு வாங்க" என்றார்.

"நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க?"

"வம்பை விலைக்கு வாங்கச் சொன்னேனா?"

போனேன். சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் தயாராக இருந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பள்ளிச் சீருடையிலேயே சற்றுத் தள்ளி நின்றாள். நான் பிரஷ்ஷை எடுத்தபோது முதல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். புருஷன் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன்.

"எதுக்கு டீச்சர் அழிக்கீய? பிள்ளைக வெளையாட்டுக்குப் போட்டதுன்னு அண்ணாச்சி சொன்னாவளே?"

"விளையாட்டு இல்லம்மா. வெள்ளத்துல தண்ணி நின்ன உயரம்."

அவள் குழந்தையை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். கோடு அதன் தலைக்கு மேலே இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த சொன்னீயளா?"

"ஊரு பூராந்தான் நின்னுது. என் வீட்டுல மட்டுமா?"

அடுத்து அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீய. இந்த வாடகைக்கு நான் வேற எங்க போவேன்?" அவள் மறுபடி அவரிடம், "மாடிப் படிக்கு எதுக்குப் பூட்டு? தண்ணி வந்தா எங்கன ஏறுவேன்? சாவியத் தாங்க" என்றாள்.

"ஆளாளுக்கு ஏறுனா தளம் கெட்டுப்போவும்."

"குடுங்கப்பா," என்றாள் மகள்.

"ஏளா, நீ வீட்டுக்குப் போ."

"குடுக்கலன்னா நான் திரும்பவும் கோடு போடுவேன்."

நடுத்தெருவில் அவள் கன்னத்தில் அறை விழுந்தது. நான் பிரஷ்ஷை வீசிவிட்டு இருவருக்கும் நடுவே போய் நின்றேன். "இன்னொரு தடவை கை வச்சீங்கன்னா நான் போலீசுக்குப் போவேன்" என்று கத்தினேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அவர் சுற்றிலும் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். குடியிருந்த பெண் குனிந்து பொறுக்கிக்கொண்டாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

நான் அழிக்காமல் வந்துவிட்டேன். மறுநாளே அவர் ஆள் வைத்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார். வெளிவேலை எதுவும் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்புதான் கிடைத்தது. அந்தப் பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்தார்கள். போவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்கப்பாவப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர்."

குடியிருந்த பெண் காலி செய்யவில்லை. ஓர் ஐப்பசிக் காலையில் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

"இந்த வருசமும் வருமா டீச்சர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா."

"பிறகு என்னத்தப் படிச்சுச் சொல்லிக் குடுக்கீய?"

"ரெட் அலர்ட்னு நியூஸ்ல சொன்னா, பிள்ளையத் தூக்கிட்டு மேல போயிரும்மா."

"அது எனக்குத் தெரியும்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள்.