கறிவேப்பிலைத் தொட்டியில் கரி

"யுரேனியம்: குடிநீர் வரம்புக்குச் சற்று மேல்." கடத்தூரில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்து வந்த தாளின் கடைசி வரி இது. வந்த நாள் பங்குனியின் கடைசி வெள்ளி. தாளின் ஓரத்தில் அன்றே குறித்துக்கொண்டேன்.

தண்ணீருக்காக நான் பதறவில்லை. எங்கள் மாவட்டத்துப் பாறையிலிருந்து அது கொஞ்சம் கரைந்து வருவது தெரிந்ததுதான். வீட்டில் ஃபில்டரும் இருக்கிறது. நிலைகொள்ளாமல் போனது நிலக்கரியைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் கரியாகிக் கிடந்தன. அவற்றினூடே ஊர்ந்த நிலத்தடி நீரில் யுரேனியம் துளியளவு இருந்தது. நீர் போய்விட்டது, கரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. சில இடங்களில் வெட்டியெடுக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டதாம். எங்கள் பக்கம் நிலக்கரியே கிடையாது என்று பக்கத்தைத் திருப்பும்போதுதான் ஃபில்டருக்குள் இருக்கும் கரி நினைவுக்கு வந்தது.

வருடா வருடம் மாற்றும்போது பழைய கரியை என் மனைவி வீணாக்கமாட்டாள். அவ்வளவும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். அந்த இலையைத்தான் வறுத்துப் பொடித்து, கம்பைநல்லூரில் புகுந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் மகளுக்கு, ரத்தம் ஊறட்டுமென்று வாரந்தோறும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள்.

சொன்னேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: "ஃபில்டரு வாங்கறதுக்கு முன்னால அந்தத் தண்ணியத்தான குடிச்சீங்க? நல்லாத்தான இருக்கீங்க?"

பரிசோதனைக்கூடத்துக்கு போன் செய்தேன். தண்ணீர் மட்டும்தான் பார்ப்பார்களாம்; கரியோ இலையோ பார்ப்பதில்லையாம்.

தொட்டியைக் கிளறிக் கரியைப் பொறுக்கினேன். எங்கே போடுவது? குப்பை வண்டியில் போட்டால் உரமாகி யாருடைய காட்டுக்கோ போகும். கடைசியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் அடைத்து மொட்டைமாடியில் வைத்தேன். அடிக்கடி ஏறிப்போய்ப் பார்ப்பேன். அணுகுண்டுக்குக் காவல் என்று பக்கத்து வீட்டில் மனைவி சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

அடுத்த வாரமும் பொடி டப்பாவோடு கிளம்பினாள். போகச் சொல்லவும் முடியாமல், தடுக்கவும் முடியாமல் வாசலில் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இது சந்தையில வாங்குன எலைங்க. அவகிட்ட ஒன்னும் ஒளறி வெக்காதீங்க."

இதுவரை மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கரி யுரேனியம் எதையும் பிடித்திருந்ததா, அது இலைக்கு ஏறியதா, அவள் அதுவரை சாப்பிட்ட பொடியில் இருந்ததா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.