திருடர் வராத கோஸ் தோட்டம்

கடலில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற பொருள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று, வசந்தத்தில் வடக்கேயிருந்து மிதந்து வரும் பனிமலை. இன்னொன்று, ஹெபர் மாமாவின் முட்டைக்கோஸ். பனிமலையாவது ஜூலைக்குள் உருகிவிடும்.

இது என் கணிப்பு இல்லை, ஹெபர் மாமாவுடையது. சொல்லிக்கொண்டே தலையிலிருக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றி ஒரு கோஸுக்கு மாட்டிப் பார்க்கிறார். தொப்பி பாதியில் நின்றுவிடுகிறது. “பாத்தியா வாலு? எனக்கே தொளதொளன்னு இருக்கற தொப்பி. இதுக்குப் பத்தல.” தொப்பி இறங்காவிட்டால் கோஸ் தயார் என்று அர்த்தம். அவரிடம் தராசும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. மழையில் நனைந்தால் அந்தத் தொப்பி சுருங்கும். அவர் மழை நாளாகப் பார்த்துத்தான் அளப்பார். அவரை முகத்துக்கு நேரே கிண்டல் செய்யக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி ட்ரூசி அத்தை. “உன் தலையவிடப் பெருசா? அதுல என்னய்யா பெருமை, ஊர்ல எல்லாமே உன் தலையவிடப் பெருசுதான்” என்று ஜன்னலிலிருந்து கத்துவார். அத்தை போன பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் மீனவ ஊரான மஸல் துறையில் வசந்தம் வந்ததும் முதலில் முளைப்பது கல். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் அதை மேலே தள்ளிவிட்டிருக்கும். ஹெபர் மாமா அந்தக் கற்களைப் பொறுக்கி, யாரும் பார்க்காதபோது பக்கத்துத் தோட்டத்து ரண்டல் பைக்கின் வேலிக்கு அந்தப்புறம் போடுவார். யாரும் பார்க்காதபோது ரண்டல் அவற்றைத் திருப்பிப் போடுவார். என்னைக் கேட்டால், இரண்டு பேரும் கல்யாணமான காலத்திலிருந்து ஒரே கற்களைத்தான் மாற்றி மாற்றிப் பயிர்செய்கிறார்கள்.

கல்லுக்குப் பிறகு மீன். கோடை தொடங்கும்போது நெத்திலிக்கு அண்ணன் மாதிரி இருக்கிற கேப்லின், முட்டையிடக் கரைக்கு வந்து அலையோடு புரளும். மற்றவர்கள் அதை வறுக்கிறார்கள். ஹெபர் மாமா வாளி வாளியாக அள்ளிப்போய் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்து, மேலே கடல்பாசியைப் போர்த்துகிறார். ஊர்ப் பூனைகளும் கடற்காகங்களும் வேலியைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும்.

“மாமா, ஊரே நாறுது.”

“நாறட்டும். உன் மூக்கா கிழங்கு போடப்போகுது?”

போன வருடம் அந்தப் பாத்தியில் நான் ஒரு சீப்பு பிளாஸ்டிக் வாழைப்பழத்தைப் புதைத்து வைத்தேன். கிழங்கு தோண்டும்போது கிடைத்தது. மனிதர் அசரவில்லை. கழுவித் துடைத்து, தேவாலயத்தில் அறுவடைத் திருநாளுக்குக் காய்கறி அடுக்குகிற மேஜையில், நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்: “கேப்லின் போட்டா எதுவும் வரும்.”

இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் கோஸ் திருட்டு உண்டு. திருடுவது தப்பில்லை. திருடிச் சமைத்துவிட்டுத் தோட்டக்காரரை விருந்துக்குக் கூப்பிடாமல் விடுவதுதான் தப்பு. உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, டர்னிப், கேரட், கோஸ் எல்லாம் ஒரே பானையில் வேகும். தோட்டக்காரர் வந்து உட்கார்ந்து தன் கோஸையே தின்றுவிட்டு, “யார் வீட்டுதோ தெரியல, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்ல வேண்டும். தெரிந்தாலும் தெரியாத முகம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒரே ஒரு விலக்கு உண்டு. துக்க வீட்டுத் தோட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஹெபர் மாமா திருடர்களுக்குப் பரம விரோதி. வேலியைச் சுற்றிப் பழைய மீன்வலை, வலையில் காலி டின்கள், கதவில் படகு மணி. மழைக்கோட்டு போட்ட சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று, அவரைவிடக் கொஞ்சம் லட்சணமாக நின்றுகொண்டிருக்கும். இவ்வளவும் இருந்தும் ஒவ்வொரு வருடமும் பெரிய கோஸ்தான் போகும். அதற்குக் காரணம் ட்ரூசி அத்தை. திருடர்கள் பாத்திகளுக்கு நடுவே முழித்துக்கொண்டு நின்றால், ஜன்னலைத் திறந்து, பெரிய கோஸ் எந்த வரிசையில் இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டுவார்.

இந்த வருடம் யாரும் வரவில்லை. ஊர் அவருக்கு இரக்கம் காட்டுகிறது. அவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறது. “என் கோஸு முன்னாடி உன்னுது வெறும் பட்டாணிடா” என்று வேலிக்கு மேலே எட்டிக் கத்தியவரிடம், கல் எறிகிற அதே ரண்டல், “ஆமா ஹெபர், உன்னுதுதான் பெருசு” என்று பணிவாகச் சொன்னார். அறை வாங்கியவர் போல ஹெபர் மாமா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டின்களை அவிழ்த்தார். அப்புறம் மணி போயிற்று. அதற்கப்புறம் வேலிக் கதவை விரியத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டார். ஆளுயர மூஸ் மான்கூட உள்ளே வரவில்லை. அதற்கும் யாரோ துக்க வீடு என்று சொல்லிவைத்திருக்க வேண்டும்.

ஊர்க் கடையை நடத்துகிற மேவிஸ் அத்தையிடம், எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் வீட்ல இருக்க மாட்டேன். சும்மா சொல்லி வைக்கறேன்.”

“நிம்மதியா போயிட்டு வாங்கண்ணே. உங்க தோட்டத்த யாரும் தொட மாட்டாங்க.”

வாங்கிய மாவை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன இடம் படகுத்துறை. தூறலில் ஒரு மீன்பெட்டியின் மேல், முதுகைத் தோட்டத்துக்குக் காட்டியபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திருடர்களுக்குக் கூச்சமாக இருக்கும் அல்லவா!

அதற்குள் முதல் உறைபனி விழுந்து இரண்டு கோஸ் வெடித்துவிட்டது. வேலிக்கு அந்தப்புறம் நின்ற ரண்டலிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “அடுத்த வருஷம் விதை வாங்கப் போறதில்ல. புல்லு முளைக்கட்டும்னு விட்டுடப் போறேன்.”

“அதுவும் சரிதான் ஹெபர்.”

நான் நேரே மேவிஸ் அத்தையின் சமையலறைக்குப் போனேன். எங்கள் ஊர் மரியாதைகளுக்கெல்லாம் அவர்தான் நீதிபதி.

“துக்க வீடு, கண்ணு. கூடாது.”

“துக்கம் அவருக்கா, கோஸுக்கா அத்தை?”

அத்தை எழுந்து போய் உப்பு மாட்டிறைச்சியை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் மூடுபனி இறங்கியது. ஒரு சாக்கோடு போனேன். மூன்று கோஸ், ஒரு டர்னிப். பெரிய கோஸில் கை வைக்க மனசு வரவில்லை, பின்வரிசையிலிருந்து எடுத்தேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது, கை நீட்ட ஆள் இல்லை. மிச்சத்தை மூஸ் தின்றுவிடக் கூடாதே என்று கயிற்றை அவிழ்த்து, கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு வந்தேன்.

காலையில் ஹெபர் மாமா ஊர் முழுக்க நடந்தார். சவரம் செய்திருந்தார். “கொள்ளை போச்சு! என் வயித்துல அடிச்சுட்டானுங்க!” என்று தபால் நிலையத்தில் ஆரம்பித்தபோது மூன்று கோஸ். கடைக்கு வருவதற்குள் ஒன்பது. படகுத்துறையில் அது பதினாலு ஆகி, லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றாகிவிட்டது. ரண்டலைப் பார்த்ததும் விரலை நீட்டினார். “நீதானேடா?”

ரண்டல் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய குரலில், “உன் கோஸ எவன் திருடுவான்? என் வீட்டு ஆடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்” என்றார்.

“ஆடு உன் மாதிரி, அதுக்கென்ன தெரியும்!” ஹெபர் மாமா சந்தோஷத்தில் குதிக்காத குறை.

சாயங்காலம் மேவிஸ் அத்தையின் சமையலறையில் ஆவி பறக்கிறது. ஹெபர் மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்காருகிறார். கோஸை ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்கிறார்.

“யார் தோட்டத்துது?” என்கிறார்.

“ரண்டலோடது மாமா” என்கிறேன். என் முகம் தேவாலயத்தில் பாடுகிற பிள்ளையின் முகம்.

“நெனச்சேன். வெறும் தண்ணி.” இன்னொரு விள்ளல். “திருடினவன் பழக்கமில்லாதவன் போல. பெருச விட்டுட்டு எவனாவது பின்வரிசைக்குப் போவானா? ட்ரூசி இருந்திருந்தா தலையில அடிச்சிட்டிருப்பா.”

“மாமா, ரண்டல் தோட்டத்துல பெருசே கிடையாதே?” என்கிறேன், கொஞ்சம் அவசரமாக.

அவர் தட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “அதுவும் போகட்டும். கயித்த அவுத்து, கதவச் சாத்திட்டுப் போற திருடன இப்பத்தான் பாக்கறேன். அடுத்த வருஷமாவது அந்த வேலைய விட்டுடட்டும்.”

மேவிஸ் அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ரண்டலுக்குத் திடீரென்று இருமல் வருகிறது. ஹெபர் மாமா சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவி, வேலிக் கதவிலிருந்து திருகிக் கழற்றிய இரும்புக் கொக்கியை எடுத்து, துருப்பொடியை ஊதிவிட்டு, என் தட்டோரமாக, கரண்டியை வைப்பது போல நேராக வைக்கிறார்.