விளக்கில்லாமல் சுற்றிய எந்திரம்

அறுபதுகளில் தளவானூரில் எனக்கு அம்மை போட்டு இரண்டு கண்களும் அறவே போயின. பிறகு தூக்கமும் தடம் மாறியது. சில நாள் எல்லாரையும்போல் இரவில் தூங்குவேன். அது மெல்ல மெல்லத் தள்ளிப்போய்ப் பட்டப்பகலில் சொக்கும். நடுராத்திரியில் விழித்துக்கொண்டு கல் எந்திரத்தில் கேழ்வரகு அரைப்பேன். எனக்கு விளக்கு எதற்கு? இருட்டு வீட்டில் எந்திரம் சுற்றுவதைக் கேட்டுத் தெருவே நடுங்கியது.

"பேய் புடிச்சிருக்குது" என்று மாமியார் என்னைப் பஸ்ஸில் செஞ்சிக்கு இழுத்துப்போனார். கோட்டை மலையடியில் ஒரு பூசாரி கொதிக்கும் பாறையில் உட்காரவைத்து வேப்பங்கொத்தால் அடித்தார்.

"யார்டி நீ? போறியா இல்லியா?"

அடிக்கு நடுவிலும் எனக்குத் தூக்கம் சொக்கியது. தலை தொங்கியது.

"அடங்க மாட்டேங்குது. சூடு போட்டாத்தான் போவும்" என்றார் பூசாரி. கரி கனலும் வாசனை வந்தது. எழுந்து ஓட எனக்குத் திசை தெரியவில்லை.

அப்போது அங்கே காத்திருந்த யாரோ ஒருத்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கண்ணு போனதுலருந்து எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். தூக்கம் நகந்து நகந்து போவும், தானா திரும்பும். அவனுக்கு இன்னா பேயா புடிச்சிருக்குது?"

மாமியார் தயங்கினார். "குடும்பம் நடத்துறாரா?"

"ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"சூடு வேணாம் சாமி" என்றார் மாமியார்.

மூளைக்குள் அரிசி அளவு சுரப்பி ஒன்று தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்கிறது என்றும், கண்வழியாக வெளிச்சம் உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பொழுது தெரியும் என்றும் வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார்.

அன்று அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.