டாக்டர் சபாபதியும் நான் திருத்திய ஒரு வரியும்

டாக்டர் சபாபதி போய்விட்டார். நேற்று விடியற்காலை, மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் வீட்டிலேயே... தூக்கத்தில் போயிருக்கிறார்.

நெய்வேலியில் நிறைய ஆண்களுக்கு அவரைத் தெரியும். தெரியும் என்று வெளியில் சொல்லமாட்டார்கள். ஆண்களுக்கு அபூர்வமாக வரும், யாரிடமும் பேச முடியாத நோய்களைப் பார்த்த யூராலஜிஸ்ட் அவர்.

நான் சொல்கிறேன். எனக்கு வைத்தியம் பார்த்தது அவர்தான். என் மனைவி சரசுவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதை முகநூலில் போடுகிறேன்.

எட்டு வருடம் முன்பு ஆணுறுப்பில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வலி. பிறகு வளைய ஆரம்பித்தது. அதற்குப் பெய்ரோனி நோய் என்று பேர் இருப்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கேன்சர் என்று நினைத்தேன்.

லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் ஒரு வருடம் லேகியம் வாங்கித் தின்றேன். நான் வேலை பார்க்கும் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் முன் ரூமில் தனியாகப் படுத்தேன். சரசு வேறு மாதிரி நினைத்துவிட்டாள்... அவளைச் சொல்லி என்ன.

அவள் பெட்டியைக் கட்டி அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் வாயைத் திறந்தேன்.

பெட்டியைக் கீழே வைத்தாள். "இத சொல்றதுக்கா ஒரு வருசம் என்னை அழ வச்சீங்க?" என்றாள். யார் யாரிடமோ விசாரித்து மறுவாரம் அவள்தான் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

வாரத்தில் இரண்டு நாள் பஜார் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் உட்காருவார். என்னைச் சோதித்து முடித்ததும், "வூட்டுக்காரம்மாவையும் உள்ள வரச் சொல்லுங்க" என்றார். நான் தலையைத் தூக்கவே இல்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். "உள்ள ஒரு ஒறை இருக்கும்மா. அதுல இந்த எடத்துல தழும்பு கட்டிக்கினு இருக்கு. அந்தப் பக்கம் நீள மாட்டுது, அதனால வளையுது. கேன்சர் இல்ல. தொத்து நோயும் இல்ல. இவரு தப்பு ஒண்ணும் பண்ணல."

"சரியாப் பூடுமா சார்?" என்று சரசு கேட்டாள்.

"மொதல்ல வலி அடங்கட்டும். வளைவு ஒரு நெலைக்கு வந்தப்புறம் ஆபரேஷன் பண்ணலாம். கொஞ்சம் நீளம் கொறையும். அப்படியே பழையபடி ஆயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா ரெண்டு பேரும் குடும்பம் நடத்தலாம்."

குடும்பம் நடத்தலாம்... அதைக் கேட்டதும் சரசு அழுதாள். நானும்தான்.

ஒரு வருடம் பொறுத்து ஆபரேஷன் செய்தார். அவர் சொன்ன மாதிரியேதான் எல்லாம் ஆனது. நன்றாக இருக்கிறோம்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மருத்துவக் கட்டுரைகளில் யார் யார் பேர் வருகிறது, உண்மையில் வேலை செய்தது யார் என்று வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பார்களாம், மேலே வரிசையாகப் பேர்கள் நிற்குமாம். "ஆபரேஷன் டேபிளச் சுத்தி இத்தினி பேரு நிக்க எடம் ஏதுங்க?" என்பார்.

செக்கப்புக்குப் போனபோது ஒருநாள் கேட்டார். "ஒங்க மைன்ஸ்ல கரி போற கன்வேயர் பெல்ட்டுக்கு ரோலர் மாத்துனா லாக் புக்ல யாரு பேர எழுதுவீங்க?"

"மாத்துனவரு பேருதான் சார்" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன்.

என் ஷிப்டில் ரோலர் மாற்றுகிறவர் ஏழுமலை. வளையமாதேவிக்காரர், கான்ட்ராக்ட். நான் பெர்மனென்ட். புக்கில் நான் எழுதுவது என் பேரை. யாரும் அப்படி எழுதச் சொன்னதில்லை... நானாகவே செய்ததுதான். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "எங்க ஆளுங்களும் அதத்தான் பண்றாங்க" என்றார்.

மறுநாள் ஏழுமலை பேரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து, "இன்னா சார், எதுனா தப்பாயிடுச்சா? எம்பேர எதுக்கு எழுதுறீங்க?" என்றார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு என் கேஸையும் கட்டுரையாக எழுதினார். என்னிடம் சம்மதம் கேட்டார். இங்கிலீஷில் எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொன்னார். அதில் ஒரு வரி, நோயாளி அறியாமையால் தாமதமாக வந்தார் என்று.

"அறியாமைன்னு போடாதீங்க சார். டாக்டர்கிட்ட போவணும்னு எனக்குத் தெரியும். வெக்கம் சார்."

பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்துவிட்டு வெட்கம் என்று எழுதினார். "இது நீங்க எழுதுன வரி. ஒங்க பேரையும் போட்டுடலாமா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"வேணாம் சார். குவார்ட்டர்ஸ் பிளாக் பூரா தெரிஞ்சிடும்."

"சரிங்க" என்றார். வற்புறுத்தவில்லை.

நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு போன். யாரோ பெரிய டாக்டர், அதே கட்டுரையில் தன் பேரைச் சேர்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது. "நீங்க இந்த பேஷன்ட்ட பாத்ததே இல்லீங்களே சார்" என்று இவர் மூன்று தடவை சொன்னார். அதே குரலில், மூன்று தடவையும். பிறகு அந்த நட்பு போய்விட்டது என்று கேள்வி.

கட்டுரை வந்தபோது இரண்டே பேர்தான் இருந்தது. அவர், அப்புறம் ஆபரேஷனுக்குப் பின் மாதா மாதம் எனக்குப் போன் செய்து விசாரித்த ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

நேற்று மதியம் நானும் சரசுவும் போயிருந்தோம். சாமியானாவுக்கு அடியில் ஆண்கள் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று முகங்களைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். அங்கே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

டாக்டரின் மருமகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கள்லாம் மாமாவுக்கு எப்படிங்க பழக்கம்?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். நான், "பேஷன்டுங்க" என்றேன்.

கொஞ்சம் கழித்து அவரும் மெதுவாக, "நானுந்தாங்க" என்றார்.

போய்வாருங்கள் சார்... சரசுவும் சொல்லச் சொன்னாள்.